நஞ்சு விழும்வரை காத்திருக்க வேண்டாம்... கன்றுக்கு முதல் சீம்பால் உடனே வேண்டும்!

கிராமத்துச் சாலையோர ஆலமரங்களில் வைக்கோல் சுற்றிய மூட்டைகள் தொங்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பசு கன்று ஈன்ற பிறகு விழும் நஞ்சுக்கொடிதான் அந்த மூட்டைக்குள் இருக்கும். கிள்ளினால் பால் வடியும் மரம் ஆலமரம். அதில் கட்டித் தொங்கவிட்டால் மாட்டுக்கும் மடி நிறையப் பால் ஊறும் என்பது நம்பிக்கை. மண்ணில் ஆழமாகப் புதைத்துவிடுவதுதான் சுத்தம் என்று கால்நடை மருத்துவர்கள் சொன்னாலும், மரத்தில் கட்டும் வழக்கம் கன்றை ஒன்றும் செய்வதில்லை.

ஆனால், அதே நஞ்சுக்கொடியை ஒட்டி இன்னொரு வழக்கம் இருக்கிறது. "இன்னும் நஞ்சு விழலையே, அதுக்குள்ள கன்னை ஊட்ட விடலாமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நஞ்சு விழுவதற்கு முன் பால் கறந்தாலோ, கன்று மடியில் வாய் வைத்தாலோ பசுவுக்கு ஆகாது என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். இரவில் ஈன்ற பசுவுக்கு விடிந்த பிறகுதான் நஞ்சு விழுகிறது என்றால், அதுவரை கன்று பட்டினி. பசியில் கத்தும் கன்றைத் தாயிடமிருந்து தள்ளிக் கட்டிவைப்பதும் உண்டு.

மாட்டின் நன்மைக்காக என்று நினைத்துச் செய்யும் இந்தக் காத்திருப்புதான், பிறந்த முதல் மாதத்தில் கன்றுகள் இறந்துபோவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. கன்று அன்றைக்கே சாவதில்லை. பத்தாம் நாளோ, பதினைந்தாம் நாளோ கழிச்சல் கண்டு சாகிறது. அதனால் முதல் நாள் நடந்ததற்கும் இதற்கும் உள்ள தொடர்பு யாருக்கும் தெரிவதில்லை.

வயிற்றுக்குள் வராத காவல்

மனிதக் குழந்தை பிறக்கும்போதே தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு பகுதியை உடம்பில் சுமந்துகொண்டுதான் பிறக்கிறது. கருவில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாக அவை குழந்தையின் ரத்தத்துக்குப் போய்விடுகின்றன. மாட்டின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. தாயின் ரத்தத்துக்கும் கன்றின் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் திசு அடுக்குகள் அதிகம். உணவும் ஆக்சிஜனும் அவற்றைக் கடந்து போகும்; பெரிய மூலக்கூறுகளான எதிர்ப்புப் புரதங்கள் போகாது. அதனால், தொழுவத்தில் வந்து விழும் கன்று அநேகமாக எந்தக் காவலும் இல்லாமல்தான் வந்து விழுகிறது. சாணம், மூத்திரம், ஈரம், ஈ என்று கிருமிகள் நிறைந்த இடத்தில்!

அந்தக் காவல் சீம்பாலில் இருக்கிறது. கடும்பு என்றும் இதைச் சொல்வார்கள். கெட்டியாக, மஞ்சள் நிறத்தில் வரும் முதல் கறவைச் சீம்பாலில் புரதம் சுமார் 14 சதவிகிதம். சாதாரணப் பசும்பாலில் 3 சதவிகிதத்துக்குச் சற்று அதிகமாகத்தான் இருக்கும். கூடுதலாக இருக்கும் அந்தப் புரதத்தின் பெரும்பகுதி, தாய் தன் வாழ்நாளில் எதிர்கொண்ட நோய்களுக்கு எதிராக உருவாக்கிய எதிர்ப்புப் புரதங்கள்தான். வைட்டமின் ஏ-வும் சாதாரணப் பாலைவிடப் பல மடங்கு அதிகம். போதாததற்கு, லேசாக வயிற்றை இளக்கும் குணமும் உண்டு. கன்றின் குடலில் தங்கியிருக்கும் கருமையான, பிசின் போன்ற முதல் சாணம் வெளியேற அது உதவுகிறது.

இதில்தான் நேரக் கணக்கு வருகிறது. பிறந்தவுடன் கன்றின் குடல், எதிர்ப்புப் புரதங்களைச் செரிக்காமல் அப்படியே உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பும் நிலையில் இருக்கும். முதல் சில மணி நேரம் அந்தக் கதவு நன்றாகத் திறந்திருக்கும். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வேகமாக மூடிக்கொண்டே வரும். ஏறக்குறைய 24 மணி நேரத்தில் முழுதாக மூடிவிடும். அதன் பிறகு குடம் குடமாகச் சீம்பால் கொடுத்தாலும் அது வெறும் உணவுதான். வயிறு நிறையும், ரத்தத்தில் காவல் சேராது.

மடியிலும் இதேபோல ஒரு கணக்கு நடக்கிறது. ஈன்ற பிறகு கறக்காமல் விட்டால், புதிதாகச் சுரக்கும் பாலோடு கலந்து சீம்பாலின் அடர்த்தி குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு கறவைக்கும் எதிர்ப்புப் புரதத்தின் அளவு குறையும். ஆகவே, தாமதம் ஆக ஆக, கொடுப்பதும் மெலிகிறது. வாங்கிக்கொள்ளும் குடலும் மூடுகிறது.

ஊட்டினால் நஞ்சு விழும்

'நஞ்சு விழுந்த பிறகுதான் ஊட்ட வேண்டும்' என்ற வழக்கத்தில், உண்மை தலைகீழாக இருக்கிறது. கன்று மடியை முட்டி ஊட்டும்போது பசுவின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. மடியிலிருந்து பாலை இறங்க வைப்பது அதுதான். அதே ஹார்மோன் கருப்பையையும் சுருங்கி விரிய வைக்கிறது. கருப்பை சுருங்கினால்தான் நஞ்சுக்கொடி கழன்று வெளியே வரும். அதாவது, கன்றை ஊட்ட விடுவது நஞ்சு விழுவதற்குத் தடையல்ல, துணை.

பெரும்பாலான பசுக்களுக்கு ஈன்ற மூன்று மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் நஞ்சு விழுந்துவிடும். 12 மணி நேரத்தைத் தாண்டியும் விழவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தொங்கும் கொடியில் கல்லைக் கட்டி இழுக்கவிடுவது, கையால் பிடித்து இழுப்பது இரண்டும் ஆபத்து. பாதி அறுந்து உள்ளே தங்கினால் கருப்பையில் சீழ் பிடிக்கும். அடுத்த சினை தள்ளிப்போகும். நஞ்சு தங்கிய பசுவாக இருந்தாலும், அதன் கன்றுக்குச் சீம்பாலைத் தாமதிக்கத் தேவையில்லை. மடியையும் காம்பையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு ஊட்ட விடலாம், அல்லது கறந்து கொடுக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அதிகம் கறக்கும் பசு என்றால், முதல் நாளே மடியைச் சொட்டு மிச்சமில்லாமல் ஒட்டக் கறந்துவிடக் கூடாது. ரத்தத்திலிருக்கும் சுண்ணாம்புச் சத்து திடீரென்று குறைந்து, பசு எழ முடியாமல் படுத்துக்கொள்ளும் பால் காய்ச்சல் வரக்கூடும். கன்றுக்குத் தேவையான அளவு கறந்தால் போதும்.

முதல் அரை மணி நேரம்

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். எருமைக்கு 310 நாள். சினை ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருந்தால், எந்த வாரத்தில் தொழுவத்தைக் கவனிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். மடி பெருத்து, வால் அடியின் இருபுறமும் குழி விழுந்து, பசு படுப்பதும் எழுவதுமாக இருந்தால் நேரம் நெருங்கிவிட்டது.

முன்னங்கால் இரண்டும் வந்து, அவற்றின் மேல் தலை சாய்ந்தபடி வந்தால் அது சரியான பிரசவம். பனிக்குடம் உடைந்து நெடுநேரம் முக்கியும் எதுவும் தெரியவில்லை, ஒரே ஒரு கால் மட்டும் தெரிகிறது, வால் தெரிகிறது என்றால் ஆள் சேர்த்து இழுக்கக் கூடாது. மருத்துவரை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியை 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம்.

கன்று விழுந்ததும் முதல் வேலை மூச்சு. மூக்கிலும் வாயிலும் அடைத்திருக்கும் சளியைச் சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். மூச்சு வரவில்லை என்றால் சுத்தமான வைக்கோல் துரும்பை மூக்குக்குள் விட்டு நிமிண்டினால் கன்று தும்மி மூச்சிழுக்கும். காய்ந்த கோணியாலோ வைக்கோலாலோ நெஞ்சையும் முதுகையும் அழுத்தித் தேய்த்துவிடலாம்.

அதற்குப் பிறகு தாயிடம் விட்டுவிட வேண்டும். பசு தன் சொரசொரப்பான நாக்கால் நக்கிக்கொடுப்பதில் இரண்டு வேலை நடக்கிறது. கன்றின் உடம்பு காய்கிறது. ரத்த ஓட்டமும் மூச்சும் சீராகின்றன. தலைச்சன் ஈற்றுப் பசுக்கள் சில, கன்றைப் பார்த்து மிரண்டு ஒதுங்கும். அப்போது கன்றின் மேல் கொஞ்சம் தவிடோ உப்போ தூவிவிட்டால் நக்க ஆரம்பித்துவிடும். இது பழைய கைவைத்தியம்; இன்றைக்கும் பலிக்கிறது.

அடுத்தது தொப்புள்கொடி. கன்றின் உடம்புக்குள் கிருமி நுழைய முதல் நாளில் திறந்திருக்கும் பெரிய வாசல் இதுதான். வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, சுத்தமான நூலால் இறுகக் கட்டி, அதற்குக் கீழே புதிய பிளேடால் அறுத்து, அறுத்த முனையை டிஞ்சர் அயோடினில் முக்க வேண்டும். பஞ்சால் தொட்டு வைப்பதைவிட, சிறிய கிண்ணத்தில் ஊற்றிக் கொடி முழுவதும் நனையும்படி முக்குவது நல்லது. கொடி காயும்வரை தினமும் இப்படிச் செய்யலாம். சாணத்தையோ சாம்பலையோ அப்பக் கூடாது. இதைக் கவனிக்காமல் விட்ட கன்றுகளுக்குத் தொப்புள் வீங்கிச் சீழ் வைக்கும். கிருமி ரத்தத்தில் ஏறினால் முழங்கால் மூட்டுகள் வீங்கி, கன்று நிற்க முடியாமல் போகும். அந்த நிலையிலிருந்து மீட்பது கடினம்.

எவ்வளவு, எப்படி?

நல்ல நிலையில் உள்ள கன்று ஒரு மணி நேரத்துக்குள் தட்டுத்தடுமாறி எழுந்து நின்றுவிடும். நின்றதும் மடியைத் தேடும். சில கன்றுகள் முன்னங்கால் இடுக்கில் முட்டிக்கொண்டிருக்கும். அவற்றை மடிப் பக்கம் திருப்பி, காம்பை வாயில் வைத்து இரண்டு பீச்சு பீச்சிவிட்டால் பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போய்விட வேண்டும்.

முதல் நாள் சீம்பால் அளவு, கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். கலப்பின ஜெர்சிக் கன்று பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ எடையில் பிறக்கும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். அதில் ஏறக்குறைய பாதியை முதல் வேளையிலும், மீதியை அடுத்த 12 மணி நேரத்துக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும். அடுத்த மூன்று நாள்களுக்கும் சீம்பால் தொடரலாம். குடலின் கதவு மூடிய பிறகும், குடலுக்குள்ளேயே இருந்து கிருமிகளைத் தடுக்கும் வேலையை அது செய்யும்.

கன்று தானாக ஊட்டினால், எவ்வளவு குடித்தது என்று தெரியாது. மடி பெரிதாகித் தரையை நோக்கித் தொங்கும் பசுக்களிடம் கன்றுக்குக் காம்பே எட்டாமல் போவதும் உண்டு. சந்தேகமாக இருந்தால் கறந்து, ரப்பர் காம்பு பொருத்திய புட்டியில் கொடுப்பது மேல். புட்டியைத் தாயின் மடி உயரத்தில் பிடித்து, கன்று தலையை நிமிர்த்தி உறிஞ்சும்படி கொடுக்க வேண்டும்.

அதற்கும் காரணம் உண்டு. மாட்டுக்கு நான்கு அறை வயிறு. பிறந்த கன்றுக்கு அதில் வேலை செய்வது நான்காவது அறை மட்டும்தான். கன்று உறிஞ்சிக் குடிக்கும்போது உணவுக்குழாயின் முடிவில் இருக்கும் ஒரு மடிப்பு குழாய்போல மூடிக்கொண்டு, பாலை நேராக அந்த நான்காவது அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வாயைப் பிளந்து, மூங்கில் குழாயாலோ சொம்பாலோ மடமடவென்று ஊற்றினால் அந்த மடிப்பு சரியாக மூடாது. பால் முதல் அறைக்குப் போய்ப் புளித்து, வயிறு உப்பும். அதைவிட மோசம், புரையேறி நுரையீரலுக்குள் போவது. ஊற்றிய மறுநாள் இருமலும் காய்ச்சலுமாகச் சுருண்டு படுக்கும் கன்றுகளில் பலவற்றுக்கு இதுதான் நடந்திருக்கும்.

வீட்டுக்கும் பங்கு உண்டு

சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, ஆவியில் வேகவைத்து, துண்டு போட்டுச் சாப்பிடும் ருசிக்கு ஈடில்லை. பக்கத்து வீட்டுக்கும், உறவுக்காரர்களுக்கும் சொம்பில் கொடுத்தனுப்புவது ஊர் மரபு. முதல் சில நாள் பாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றவும் முடியாது, காய்ச்சினால் திரிந்துவிடும். விற்க முடியாத பால் என்பதால்தான் அது இத்தனை வீடுகளுக்குப் போகிறது.

அந்தச் சந்தோஷத்தை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கலப்பினப் பசு தன் ஒரு கன்றுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே சீம்பால் சுரக்கும். வரிசை மாறாமல் இருந்தால் போதும். முதல் கறவை கன்றுக்கு, மிஞ்சியது வீட்டுக்கு. முதல் கறவையைச் சட்டியில் பிடித்து அடுப்பில் ஏற்றிவிட்டு, இரண்டாம் கறவையைக் கன்றுக்கு விடுவதுதான் தவறு.

மிஞ்சியதில் ஒரு லிட்டரைச் சுத்தமான புட்டியில் ஊற்றி, தேதி எழுதி, ஃப்ரிட்ஜின் உறைய வைக்கும் பெட்டியில் வைத்துவிடுவது இன்னும் புத்திசாலித்தனம். தாய் இறந்துபோன கன்றுக்கோ, மடிநோயால் ரத்தமும் கட்டியுமாகப் பால் வரும் பசுவின் கன்றுக்கோ அது உயிர்ப் பால். நம் தொழுவத்துக்குத் தேவைப்படாவிட்டாலும் அடுத்த தெருவுக்குத் தேவைப்படும். உறைந்த புட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துத்தான் இளக்க வேண்டும். அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் எதிர்ப்புப் புரதங்கள் அழிந்துவிடும்.

எங்கேயும் சீம்பால் கிடைக்கவில்லை என்றால், காய்ச்சி ஆறிய பாலில் முட்டையும் சிறிது விளக்கெண்ணெயும் கலந்து கொடுக்கும் முறை உண்டு. அது சத்தும் தரும், வயிற்றையும் இளக்கும். ஆனால், சீம்பாலின் காவலைத் தராது. அப்படி வளரும் கன்றைச் சுத்தமான, தனி இடத்தில் கூடுதல் கவனத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

கழிச்சல் வந்தால் பாலை நிறுத்தாதீர்கள்

முதல் மாதத்தில் கன்றுக்கு வரும் பெரிய எதிரி கழிச்சல். வெள்ளையாகவோ, மஞ்சளாகவோ, தண்ணீராகப் பீச்சும். பால் அதிகமாகக் குடித்ததால்தான் கழிகிறது என்று நினைத்து, பாலை அறவே நிறுத்திவிடும் பழக்கம் உண்டு. ஒரே வேளையில் அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் வயிறு இளகும் என்பது உண்மைதான். ஆனால், கன்றைக் கொல்லும் கழிச்சலுக்குப் பெரும்பாலும் கிருமிகளே காரணம். கன்று சாவது கிருமியால் என்பதைவிட, உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வற்றிப்போவதால் என்று சொல்வதே பொருந்தும்.

கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளி இழுத்துவிட்டால் உடனே பழையபடி படிய வேண்டும். மடிப்பாகவே நின்றால் உடம்பில் நீர் வற்றுகிறது. கண் குழி விழுந்திருந்தால் அது இன்னும் முற்றிய நிலை. மருத்துவர் வரும்வரை, குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவு காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கலாம். பாலில் கலக்கக் கூடாது. இரண்டு பால் வேளைகளுக்கு நடுவே தனியாகக் கொடுக்க வேண்டும். பாலையும் நிறுத்தாமல், வேளைக்குக் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உறிஞ்சும் தெம்பே இல்லாமல் படுத்துவிட்ட கன்றுக்கு வாய்வழியாக எதையும் ஊற்றக் கூடாது. அதற்கு நரம்பில் ஏற்றும் குளுக்கோஸும் உப்புநீரும்தான் வழி.

வருமுன் காக்க, படுக்கை காய்ந்திருக்க வேண்டும். கன்று படுக்கும் இடத்தில் ஒருவர் முட்டி போட்டு ஒரு நிமிடம் இருந்து பார்க்கலாம். முட்டி நனைந்தால் அந்த இடம் கன்றுக்கு ஆகாது. முகத்தைத் தாழ்த்தினால் மூத்திர நெடி மூக்கில் ஏறுகிறது என்றால், கன்று நாள் முழுவதும் அதைத்தான் சுவாசிக்கிறது. புட்டியையும் வாளியையும் ஒவ்வொரு வேளையும் வெந்நீரில் கழுவிக் கவிழ்த்துவைக்க வேண்டும். சில கன்றுகளை ஒன்றாகக் கட்டியிருந்தால், பால் குடித்தவுடன் ஒன்றின் தொப்புளையும் காதையும் இன்னொன்று சப்பும். குடித்ததும் வாயைத் துடைத்து, சிறிது நேரம் தனித்தனியாகக் கட்டினால் அந்தப் பழக்கம் வராது.

பத்தாம் நாளும் அதற்குப் பிறகும்

சீம்பால் பருவம் முடிந்தும் முதல் ஒரு மாதம், எடையில் பத்தில் ஒரு பங்கு பால் வேண்டும். அதன் பிறகு கன்று தீவனம் தின்னப் பழகப் பழகப் பாலைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

பத்து முதல் பதினைந்து நாளுக்குள் முதல் குடற்புழு நீக்கம். 'பிறந்து பத்து நாளில் எங்கிருந்து புழு வரும்?' என்று தோன்றும். கன்றுகளைத் தாக்கும் ஒருவகை உருளைப்புழுவின் இளம்புழுக்கள், தாயின் உடம்பில் உறங்கிக் கிடந்து, ஈன்ற பிறகு பால் வழியாகவே கன்றுக்கு வந்துவிடும். எருமைக் கன்றுகளில் இது மிகவும் அதிகம். வயிறு மட்டும் பானைபோலப் பெருத்து, முடி சிலிர்த்து, களிமண் நிறத்தில் நாற்றத்தோடு கழியும் கன்றுக்கு இது காரணமாக இருக்கலாம். எடைக்கேற்ற மருந்தை மருத்துவரிடம் கேட்டுக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும்.

இரண்டாம் வாரத்திலிருந்து கன்றுக்கான தனித் தீவனத்தை ஒரு கைப்பிடி வைத்துப் பழக்க வேண்டும். மக்காச்சோளம், புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு கலந்த, சுமார் 20 சதவிகிதம் புரதமுள்ள தீவனம் அது. பால் குடித்து முடித்ததும் ஈர வாயில் கொஞ்சம் தடவிவிட்டால் சப்பிப் பழகும். புல்லைவிடத் தானியம்தான் முதல் அறையின் உட்சுவரை வேகமாக வளர்க்கிறது. முதல் வாரத்திலிருந்தே சுத்தமான தண்ணீரும் அருகில் இருக்க வேண்டும். பால் குடிக்கும் கன்றுக்குத் தண்ணீர் எதற்கு என்று வைக்காமல் விடுவது பலர் செய்யும் பிழை. நாளுக்கு முக்கால் கிலோவுக்கு மேல் தீவனத்தைத் தொடர்ந்து சில நாள் தின்னும் கன்றுக்குப் பாலை நிறுத்தலாம்.

நான்காம் மாதத்தில் கோமாரி நோய்த் தடுப்பூசி தொடங்கும். கிடேரிக் கன்றுக்கு நான்கிலிருந்து எட்டு மாதத்துக்குள், வாழ்நாளில் ஒரே ஒருமுறை, கன்று வீச்சு நோய்க்கு எதிரான தடுப்பூசி. 2019-ல் தொடங்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் இவை இலவசம். காதில் போடப்படும் 12 இலக்க மஞ்சள் நிற அடையாள வில்லையோடு தடுப்பூசி விவரமும் பதிவாகும்.

காளைக் கன்று என்றால்?

பிறந்தது கிடேரி என்றால் ஒரு கவனிப்பு, காளை என்றால் இன்னொரு கவனிப்பு என்பது பல தொழுவங்களில் நடப்பதுதான். உழவுக்கு டிராக்டர் வந்த பிறகு கலப்பினக் காளைக் கன்றைச் செலவாகவே பார்க்கிறார்கள். கிடேரிகளே பெரும்பாலும் பிறக்கும்படி, பாலினம் பிரித்த விந்து ஊசியும் வந்துவிட்டது. என்றாலும், பிறந்துவிட்ட காளைக் கன்றுக்கும் சீம்பால் கொடுப்பதில் பணத்துக்கு நட்டமில்லை. அதுதான் விற்க முடியாத பாலாயிற்றே!

கன்று இருந்தால் பசுவுக்கும் நல்லது. நாட்டு மாடுகளில் பெரும்பாலானவை கன்றைக் காணாமல் பால் விடாது. கலப்பினத்திலும் சில பசுக்கள் அப்படித்தான். அதனால்தான் இறந்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து, அதைத் தாயின் முன் நிறுத்திக் கறக்கும் வழக்கம் வந்தது. அந்தத் தோல் கன்றைப் பசு நக்கிக்கொண்டே பால் விடுவதைப் பார்த்தவர்களுக்கு மனம் கனத்துப்போகும். அதுவும் முடியாதபோது ஆக்சிடோசின் ஊசியைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. கறவை மாட்டுக்குப் பால் சுரக்க இப்படி ஊசி போடுவது, 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் நாள் சீம்பாலால் கன்றைக் காப்பாற்றியிருந்தால், இவை இரண்டுக்கும் அநேகமாகத் தேவையே வந்திருக்காது.

இரட்டைக் கன்றில் ஒன்று காளை, ஒன்று கிடேரி என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கிடேரி பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகத்தான் இருக்கும். கருவில் இரண்டின் ரத்தமும் கலப்பதால், காளையின் ஹார்மோன் கிடேரியின் இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சியைக் கெடுத்துவிடும். இரண்டு வருடம் வளர்த்து ஏமாறுவதைவிட, மருத்துவரிடம் முன்பே காட்டித் தெரிந்துகொள்ளலாம். சந்தையில் கிடேரி வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

ஒரு வருடத்தின் விலை

24 கிலோவில் பிறந்த ஒரு கலப்பின ஜெர்சிக் கிடேரி, சினை ஊசி போட 240 கிலோவை எட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 400 கிராம் எடை கூடினால் 540 நாளில், அதாவது 18 மாதத்தில் எட்டிவிடும். நாளுக்கு 250 கிராம்தான் கூடுகிறது என்றால் 864 நாள் ஆகும். வித்தியாசம் 324 நாள். ஏறக்குறைய ஒரு வருடம், தீவனம் தின்றுகொண்டு பால் தராமல் நிற்கும் மாடு! கன்றுப் பருவத்தில் கழிச்சலிலும் புழுவிலும் நலிந்துபோன கிடேரிகள் இப்படித்தான் பின்தங்குகின்றன.

கன்று சரியாக வளர்கிறதா என்பதைத் தராசு இல்லாமலே பார்க்கலாம். தையல்காரர் டேப்பால் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவை அங்குலத்தில் அளக்க வேண்டும். தோள்பட்டை முனையிலிருந்து பின் இடுப்பு எலும்பு முனைவரை நீளத்தை அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 30, நீளம் 27 என்றால், கன்று சுமார் 37 கிலோ. மாதம் ஒருமுறை அளந்து தொழுவச் சுவரில் எழுதிவைக்கும் வேலையைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் போதும், மறக்கவே மாட்டார்கள்.

கன்று ஈனும் முன் எடுத்துவைக்க...

* சுத்தமான பழைய துணி, காய்ந்த கோணி
* டிஞ்சர் அயோடின், சிறு கிண்ணம்
* நூல், பிரிக்காத புது பிளேடு
* ரப்பர் காம்பு பொருத்திய பால் புட்டி
* கால்நடை மருத்துவரின் எண், 1962
* தொழுவத்தில் காய்ந்த வைக்கோல் பரப்பிய ஓரிடம்

இவ்வளவுக்கும் ஆகும் செலவு மிகக் குறைவு. சீம்பாலோ பசு சும்மா தருவது. ஆகவே, இனி வீட்டில் பசு கன்று ஈனும்போது யாராவது 'நஞ்சு விழுந்துடுச்சா?' என்று கேட்டால், 'கன்னு ஊட்டிடுச்சா?' என்று திருப்பிக் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.